முக்கியத் தொழில்கள்

புள்ளிவிவர அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. வைத்தவன் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பிதான். "எங்க வீட்டுலயும் ஒரு பெரிய புள்ளி இருக்குல்ல" என்று கண்ணாடித் தொழிற்சாலை வாசலில் நின்று வாயடித்தான். அது தொழிலாளர் குடியிருப்பு முழுக்கப் பரவி, இருபத்திரண்டு வருடம் கழித்தும் ஊருக்கு அவள் புள்ளியக்காதான்.

வேலை என்னவோ எளிமையானது. மாகாணத்தில் இருபத்தாறு தொழிற்சாலைகளை அலுவலகம் பட்டியல் போட்டு வைத்திருந்தது. பலகை மில், ஓட்டுத் தொழிற்சாலை, காகித ஆலை, சாயப்பட்டறை, தோல் கிடங்கு, தம்பி வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலை, இப்படி. வருடத்துக்கு ஒருமுறை அவள் துணிப்பையில் படிவங்களை அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். எத்தனை நாள் ஓடியது, எத்தனை பேர் வேலை செய்தார்கள், என்ன செய்து வெளியே அனுப்பினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அதையெல்லாம் கூட்டிக் கலக்கி மாகாணத்தின் தொழில் வளர்ச்சி இவ்வளவு என்று ஓர் எண் வரும். அந்த எண் ஆண்டு அறிக்கையின் ஏழாவது அத்தியாயத்தில் அச்சாகும். அத்தியாயத்துக்குப் பெயர் 'முக்கியத் தொழில்கள்'.

அவளை ஏமாற்றுவது லேசில்லை. ஓட்டுத் தொழிற்சாலைக் கணக்கர் ஒருமுறை நாற்பது பேர்தான் வேலை செய்கிறார்கள் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். போகிற வழியில் சைக்கிள் நிறுத்தத்தில் நின்று எண்ணினாள். நூற்றுப் பதினாறு சைக்கிள். திரும்பிப் போய், "மிச்ச எழுபத்தாறும் தானா ஓட்டிட்டு வந்துச்சுங்களா சார்?" என்று கேட்டாள். கணக்கர் வழிந்துகொண்டே வேறு படிவம் வாங்கினார். தம்பி இந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை.

அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து ஒன்றரை வருடத்தில் முடிந்துபோயிருந்தது. அதற்கப்புறம் தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கீழே இரண்டு அறையில் தம்பியும் அவன் மனைவியும். அவர்களுடைய ஒரே மகள் வெளியூரில் நர்ஸ் படிப்பு. சமையல் ஒன்றுதான்; மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தம்பி மனைவி பேச்சில் சிக்கனம், வேலையில் தாராளம். அதே தொழிற்சாலையில் புட்டி பார்க்கும் பிரிவில் இருந்தாள். விளக்குக்கு முன்னால் வரிசையாக நகரும் மருந்துப் புட்டிகளில் குமிழும் கீறலும் உள்ளதைக் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்து ஒதுக்குவாள். "என் பொண்டாட்டி கண்ணுக்கு என் தப்பு மட்டும் தப்பிச்சிருமா?" என்பான் தம்பி.

அவன் உலை மேஸ்திரி. கண்ணாடி உலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதை அடுப்பு மாதிரி அணைத்து ஏற்ற முடியாது. மணலும் சோடாவும் உருகிக் குளம் மாதிரி உள்ளே நிற்கும். ஒருநாள்கூடச் சூடு இறங்கக் கூடாது. இறங்கினால் குளம் உறைந்து பாறையாகிவிடும், சுற்றிக் கட்டின செங்கல் பிளந்துவிடும், உலை செத்துவிடும். அந்த உலை பதினோரு வருடமாக அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. நீலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சின்னத் துவாரம் வழியாகப் பார்த்தே, இன்றைக்கு எண்ணெய் கொஞ்சம் கூட்டணும், இன்றைக்குக் குறைக்கணும் என்று தம்பி சொல்லிவிடுவான். கருவி பிறகு அதையே சொல்லும்.

அந்த மாகாணத்திலிருந்து தலைநகரத்துக்கு இரண்டு நாள் பயணம். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சந்தைக்கு நாலு மணி நேரம். அதனால் மாகாணத்தில் செய்ததெல்லாம் அந்தப் பக்கம்தான் போனது: பலகை, ஓடு, காகிதம், தோல் எல்லாம். காலையில் சுங்கச்சாவடியில் லாரிகள் வால்பிடித்து நிற்கும். பிறகு இரண்டு அரசாங்கத்துக்கும் என்னவோ மனஸ்தாபம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சரக்குக் கதவை மூடினார்கள். பத்து நாளில் திறந்துவிடும் என்றார்கள். பத்து மாதம் ஆகியும் திறக்கவில்லை. பலகை மில் முதலில் படுத்தது. ஓட்டுத் தொழிற்சாலை ஒரு ஷிப்டாகி, அரை ஷிப்டாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. கண்ணாடித் தொழிற்சாலை மட்டும் தப்பித்தது. அதன் புட்டிகள் தலைநகரத்து மருந்துக் கம்பெனிகளுக்குப் போயின. பின்தங்கிய எல்லை மாகாணம் என்று அரசாங்கம் ரயில் கட்டணத்திலும் உலை எண்ணெயிலும் சலுகை கொடுத்தது. அந்தச் சலுகைதான் அதற்கு மூச்சு.

அந்த வருடம் அவள் படிவங்களோடு போனபோது பலகை மில் வாசலில் இடுப்பளவு புல். காவலாளி ஒருத்தர் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"கணக்கு எடுக்கணும். உள்ள யாராவது இருக்காங்களா?"

"நான் இருக்கேன். ஒரு நாய் இருக்கு. குட்டி போட்டிருக்கு, அஞ்சு" என்றார். "எழுதிக்கோ, உற்பத்தி அஞ்சு."

அவள் சிரிக்காமல் உள்ளே போய்ப் பார்த்தாள். பசைத் தொட்டியில் பசை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. உரித்து அடுக்கின மரத்தாள்கள் மழையில் நனைந்து, ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. சைக்கிள் நிறுத்தத்தில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. படிவத்தில் குறியீடு ஐந்து என்று எழுதினாள். ஐந்து என்றால் 'மூடப்பட்டது'. அப்படி அந்த வருடம் இருபத்தாறில் பதினொன்றுக்கு ஐந்து போட்டாள்.

ஒரு வாரம் கழித்து இயக்குநர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். அவர் கெட்ட மனிதர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. குரலை உயர்த்தமாட்டார். எதிரே நிற்கிறவர்களை உட்காரச் சொல்வார். அன்றைக்கும் டீ வரவழைத்துக் கொடுத்தார். மேசையில் அவளுடைய பதினொரு படிவங்களும் தனியாக இருந்தன.

"இந்தப் பலகை மில்லுக்கு நீங்க போனீங்க. சரிதானேம்மா?"

"போனேன் சார்."

"கேட்டு பூட்டியிருந்துச்சு. உள்ள அதிகாரி யாரும் இல்ல. உங்களுக்கு யாரும் தகவல் தரல."

"மூடிட்டாங்க சார். தகவல் குடுக்க ஆளே இல்ல."

"மூடிட்டோம்னு யாராவது எழுத்துல குடுத்தாங்களா?"

யாரும் கொடுக்கவில்லை. முதலாளி எங்கே இருக்கிறார் என்று காவலாளிக்கே தெரியாது.

"அப்ப இது குறியீடு அஞ்சு இல்ல, ரெண்டு" என்றார் இயக்குநர் இதமாக. "ரெண்டுன்னா 'தகவல் தரவில்லை'. நாம பார்த்தத எழுதக் கூடாதும்மா, நமக்குக் குடுத்தத எழுதணும்."

ரெண்டு போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தகவல் தராத தொழிற்சாலைக்குப் போன வருட எண்ணை எடுத்து, அதோடு நாலு சதவீதம் கூட்டிப் போட வேண்டும் என்பது விதி. எங்கேயாவது ஒன்றிரண்டு படிவம் வராமல் போனால் சமாளிக்க யாரோ எழுதி வைத்த விதி.

"சார், புல்லு மொளச்சுக் கெடக்கு. அந்த மில்லு போன வருஷத்த விட நாலு சதவீதம் கூடுதலா பலகை செஞ்சுச்சுன்னு நான் எழுதணுமா?"

"நீங்க ஏம்மா எழுதணும்? நீங்க ரெண்டுன்னு மட்டும் போடுங்க. மிச்சத்தக் கம்ப்யூட்டர் எழுதிக்கும்." பிறகு டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "எல்லைய மூடினதால ஒரு குறையும் இல்லன்னு மேல சொல்லிட்டாங்க. நாம மட்டும் இருக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அதுவும் போக, மலைப்பக்க அலுவலகத்துல ஓர் இடம் காலியா இருக்கு. உங்க பேரக் கேட்டாங்க. குடும்பத்தோட இருக்கறவங்க, அவங்க வேண்டாம்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

அவள் இரண்டு நாள் யோசித்தாள். யோசித்தாள் என்பதைவிட, சமாதானம் தேடினாள் என்பதே சரி. பலகை மில் ஆட்கள் எப்போதோ மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். அவள் அஞ்சு போட்டால் திரும்பி வரவா போகிறார்கள்? அந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்? எண்ணுக்கு என்ன, அழவா தெரியும்? மூன்றாம் நாள் பதினொரு புதுப் படிவம் எடுத்து, பதினொன்றிலும் ரெண்டு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். வீட்டில் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றிருந்தாள். யார் கேட்கப் போகிறார்கள்?

அறிக்கை வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது. அதில் கண்ணாடித் தொழிற்சாலையின் படம்கூட ஒன்று இருந்தது. தம்பி அதைப் பார்த்துப் பெருமைப்பட்டான். மாகாணத் தொழில் வளர்ச்சி மூன்றே முக்கால் சதவீதம் என்று வானொலியில் சொன்னார்கள். இயக்குநருக்குப் பதவி உயர்வு கிடைத்து அவர் தலைநகரத்துக்குப் போனார். அலுவலகத்தில் மாலை போட்டு வழியனுப்பினார்கள். அவளும் கை தட்டினாள்.

ஒன்பது மாதம் கழித்து உத்தரவு வந்தது. மாகாணத்தின் தொழில் வளர்ச்சி வரம்பைத் தாண்டிவிட்டதால், இனிமேல் அது பின்தங்கிய எல்லை மாகாணம் இல்லை. ரயில் கட்டணச் சலுகையும் எண்ணெய்ச் சலுகையும் அந்தக் காலாண்டோடு ரத்து.

தொழிற்சாலை மேலாளர் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி, சலுகை இல்லாமல் ஒரு மாதம்கூட உலையை எரிக்க முடியாது என்று சொன்னார். காலை ஷிப்ட் முடிந்து வந்த தம்பி, வாசல்படியிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றாமல் வெகுநேரம் இருந்தான். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"அங்க உலை அணைஞ்சா இங்க உலை எப்படி ஏறும்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கத் தலைவரை அழைத்துக்கொண்டு தம்பி மாடிக்கு வந்தான். சங்கத் தலைவரை எல்லோரும் மைக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்கு இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் தொண்டை. கையில் அந்த வழவழப்பான புத்தகம். ஏழாவது அத்தியாயத்தில் விரலை நுழைத்துப் பிடித்திருந்தார்.

"புள்ளியக்கா, அடுத்த மாசம் தலைநகரத்துலருந்து குழு வருது. நம்ம கோரிக்கையக் கேட்கறாங்களாம். அதுக்குள்ள இந்தப் புத்தகத்துல பொய் எங்க இருக்குன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

"எங்க அக்கா சைக்கிள எண்ணியே ஆளப் புடிச்சவ" என்றான் தம்பி. "இது என்ன பெரிய விஷயம்?"

அவள் புத்தகத்தை வாங்கிப் பிரித்தாள். அட்டவணை தெரியாமலா? கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். ஆனாலும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிற மாதிரி பாவனை செய்தாள்.

"பலகை மில்லு நாலு சதவீதம் வளர்ந்திருக்காம்" என்று மைக்கு குனிந்து காட்டினார். "அங்க வளர்ந்தது புல்லுதான்! எந்த நாய் எழுதிச்சோ, அது நல்லாருக்குமா?"

தம்பி சிரித்தான். கவலையோடு இருக்கிறவன் நண்பனுக்காகச் சிரிக்கிற சிரிப்பு.

"பார்த்து வைக்கிறேன்" என்றாள் அவள். "ரெண்டு நாள் குடுங்க."

திங்கட்கிழமை புது இயக்குநரிடம் போய், போன வருடப் படிவங்களில் திருத்தம் செய்ய வேண்டும் என்றாள். அவர் இளைஞர், படிவக் கோப்பை வரவழைத்துப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கையெழுத்து உங்களோடது. திருத்தணும்னா, நான் தெரிஞ்சே தப்பா எழுதினேன்னு நீங்க எழுதித் தரணும். அதுக்கப்புறம் நீங்க இந்த நாற்காலியில இருக்கமாட்டீங்க. யோசிச்சுக்கோங்க."

"எழுதித் தர்றேன்" என்றாள்.

"எங்கிட்ட வேண்டாம். குழு வருதுல்ல, அங்க சொல்லுங்க" என்று கோப்பைத் தன் பக்கத்திலிருந்து தள்ளிவைத்தார்.

அன்று மாலை சாப்பாட்டுக்கு முன்னால் கீழே போனாள். தம்பி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புத்தகத்துல இருக்கறது நான் எழுதினது" என்றாள்.

தம்பி குழாயை மூடவில்லை. "எது?"

"பதினொரு மில்லு. மூடினதெல்லாம். தகவல் தரலன்னு போட்டேன். போடச் சொன்னாங்க, போட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி மனைவி வந்து குழாயை மூடினாள்.

"பயந்துட்டியா?" என்றான் தம்பி. அவள் பயந்தாள் என்று சொன்னால் மன்னித்துவிடத் தயாராக இருப்பவன் போலக் கேட்டான். அவளுக்கு அது புரிந்தது. ஆனால் இதிலாவது பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாள்.

"பயமும் இருந்துச்சு. அதவிட, யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். மலைப்பக்கம் மாத்திருவாங்களேன்னு இருந்துச்சு."

தம்பி துண்டில் கையைத் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். "ஞாயித்துக்கெழமையே சொல்லியிருக்கலாம்ல? அவன் நாய்னு சொன்னப்ப நானும்ல சேர்ந்து சிரிச்சேன்?"

அவள் தட்டு வைத்திருந்த இடத்தில் உட்காரப் போனாள்.

"நீங்க மேல போங்க அக்கா" என்றாள் தம்பி மனைவி. குரலில் கோபம் இல்லை. விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை இருந்தது. "சாப்பாட்ட மேல கொண்டுவந்து தர்றேன்."

அன்றிலிருந்து சாப்பாடு மாடிக்கு வந்தது. மூடி போட்டு, சூடாக, ஒருநாள்கூடத் தவறாமல் வந்தது. அதைவிடப் பட்டினி போட்டிருக்கலாம்.

மைக்குவுக்குத் தம்பிதான் சொன்னான். அவர் இரண்டு நாள் இந்தத் தெருப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "குழு முன்னாடி சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தொண்டை அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை. சொல்வேன் என்றாள். அவருக்கும் சரி, தம்பிக்கும் சரி, அதில் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. எண் பொய் என்று எழுதினவளே சொன்னால், எண்ணை வைத்துப் போட்ட உத்தரவு எப்படி நிற்கும்?

அரசு விருந்தினர் மாளிகையின் நீளமான கூடத்தில் குழு உட்கார்ந்திருந்தது. பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். ஓரத்தில் உறுப்பினர் செயலர் என்ற பலகைக்குப் பின்னால் அவளுடைய பழைய இயக்குநர். அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, தலையை அசைத்துப் புன்னகை செய்தார்.

ஆனாலும் சொன்னாள். பலகை மில் புல்லிலிருந்து சாயப்பட்டறை பூட்டு வரைக்கும் பதினொன்றையும் வரிசையாகச் சொன்னாள். ஐந்து என்று எழுதியதையும், ரெண்டு என்று மாற்றியதையும், மாற்றச் சொன்னது யார் என்பதையும் சொன்னாள். கூடத்தின் பின்வரிசையில் தொழிலாளர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்தச் சொல்லி எழுத்துல உத்தரவு இருக்கா?"

"இல்ல சார். வாயால சொன்னாங்க."

"முதல்ல நீங்க எழுதின படிவம்?"

"அவங்க வாங்கிக்கிட்டாங்க."

பழைய இயக்குநர் அனுமதி கேட்டுக்கொண்டு பேசினார். அதே இதமான குரல். "இந்த அம்மாவ எனக்கு இருபது வருஷமாத் தெரியும். நேர்மையான ஊழியர். இவங்க கூடப் பிறந்த தம்பி அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையிலதான் மேஸ்திரியா இருக்கார். தம்பி மனைவியும் அங்கதான். ஒரே வீடு. வேலை போயிருமோங்கற பதற்றத்துல இப்ப இப்படிச் சொல்றாங்க. இவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ரத்த பாசம், யாரா இருந்தாலும் இப்படித்தான் செய்வாங்க. குழு இத மனிதாபிமானத்தோட பார்க்கணும்னு கேட்டுக்கறேன்."

ஐந்து பேரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒருவர் குறிப்பேட்டில் எதையோ எழுதினார்.

"அப்படி இல்ல சார்!" என்று கத்திவிட்டாள். "நான் சொல்றத நம்ப வேண்டாம். வாங்க, பலகை மில்லு இங்கருந்து பத்து நிமிஷம். வண்டி வெளியிலதானே நிக்குது? கண்ணால வந்து பாருங்க. பொய்யா இருந்தா என்ன வேணா செய்யுங்க."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரயிலுக்கு நேரமாச்சும்மா. அதோட, களத்துல போய்ப் பார்க்கறது இந்தக் குழுவோட அதிகாரத்துல வராது. எங்க முன்னாடி வச்சதத்தான் நாங்க பார்க்க முடியும்."

பின்வரிசையில் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற சத்தம். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அது தம்பிதான் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வாரத்தில் இரண்டு கடிதம் வந்தன. ஒன்று சங்கத்துக்கு: அறிக்கையின் எண்களைச் சந்தேகிக்க ஆதாரம் இல்லை, அடுத்த மறுபரிசீலனை இரண்டு வருடம் கழித்து. மற்றொன்று அவளுக்கு: சொந்தக் குடும்பத்தின் நலனுக்காக அரசுக் குழுவின் முன் தவறான வாக்குமூலம் கொடுத்ததால் தற்காலிகப் பணிநீக்கம். பொய் எழுதியபோது யாரும் தண்டிக்கவில்லை. அந்த வருடம் அவளுக்கு நற்சான்று கொடுத்திருந்தார்கள்.

தம்பி மனைவி சாப்பாட்டோடு மாடிக்கு வந்தபோது கடிதம் கட்டிலில் கிடந்தது. எடுத்து நிதானமாகப் படித்தாள். கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"ஒருத்தர் சம்பளமாவது மிஞ்சும், பொண்ணு படிப்ப முடிச்சிரலாம்னு இருந்தேன்" என்றாள். "அதையும் கொண்டுபோய் உண்மைக்குக் குடுத்துட்டு வந்துட்டீங்க."

"நான் வேற என்ன செஞ்சிருக்கணும்?"

"செய்ய வேண்டியப்ப செய்யல. செய்ய வேண்டாதப்ப செஞ்சீங்க." மூடியைத் திறந்து வைத்தாள். "சாப்பிடுங்க. ஆறிடும்."

உலையை இறக்கும் வேலை தம்பியிடமே கொடுக்கப்பட்டது. அவனைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அடியில் உள்ள துளையைத் திறந்து, உருகிய கண்ணாடியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடவிட வேண்டும். இரண்டு நாள் ஓடியது. குடியிருப்புப் பெண்கள் மதிலுக்கு வெளியே நின்று, தண்ணீரில் அது வெடிக்கிற சத்தத்தைக் கேட்டார்கள். பிறகு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். ஒன்பதாம் நாள் நீலக் கண்ணாடி இல்லாமலே துவாரத்துக்குள் பார்க்க முடிந்தது. உள்ளே இருட்டாக இருந்தது என்று மைக்கு வந்து சொன்னார்.

அப்புறம் உடைக்கிற வேலை. கம்பெனி ஒரு குத்தகைக்காரரை வரவழைத்தது. அவர் ஊர் ஊராகப் போய்ச் செத்த உலைகளைப் பிரித்து, செங்கல்லையும் இரும்பையும் விற்கிறவர். எந்தக் கல்லை எடுத்தால் எது சரியும் என்று தெரிந்த ஆள் வேண்டுமென்று தம்பியைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார். அடியில் தங்கி உறைந்த கண்ணாடி முழங்காலளவு கனத்துக்கு இருந்தது. பச்சை நிறம். சம்மட்டியால் அடித்தால் கத்தி கத்தியாகத் தெறிக்கும். நாற்பது நாள் அவன் தன் உலையைத் தானே உடைத்தான். கையுறை கிழிந்து, உள்ளங்கை கிழிந்து, மணிக்கட்டுக்கு மேலே நூல் நூலாகக் கோடு விழுந்து வருவான். தம்பி மனைவி வாசலில் உட்காரவைத்து, ஒரு கிண்ணம் வெந்நீரும் சின்ன இடுக்கியுமாகக் கண்ணாடித் தூளைப் பொறுக்கி எடுப்பாள். அந்தக் கண்ணுக்கு ஒரு தூள் தப்பாது. மாடிப்படியில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இறங்கி வா என்று யாரும் கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

நாற்பத்தோராம் நாள் காலையில் தம்பி மாடிக்கு ஏறி வந்தான். அவள் அன்றைக்குச் சொன்னதற்குப் பிறகு அவன் அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. கையில் அச்சடித்த தாள் ஒன்று.

"குத்தகைக்காரர் கூட வரச் சொல்றாரு. தெக்க ரெண்டு மாகாணத்துல மூணு உலை உடைக்கறதுக்கு இருக்காம். அடுத்த வருஷத்துக்கு இன்னும் நாலு வருமாம். இப்ப நாட்டுல நல்லா ஓடுற தொழில் இது ஒண்ணுதான்." சிரிக்கவில்லை. "இந்தப் படிவத்த நிரப்பணும். கை சரியா மடங்க மாட்டேங்குது."

அவள் தாளை வாங்கி மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தாள். வயது, முகவரி, குடும்பத்தில் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்காமலே எழுதினாள். எத்தனை பேர் என்ற இடத்தில் ஒரு கணம் நின்றாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு என்று எழுதினாள். அவன் பார்த்தான், மறுக்கவில்லை.

"தொழில்னு கேட்டிருக்கு. உலை மேஸ்திரின்னு போடட்டுமா?"

"வேண்டாம்" என்றான். "அது இல்லாததுல்ல? உடைக்கறவன்னு போடு. இருக்கறத எழுது."

அவள் எழுதினாள். அவன் கட்டுப் போட்ட விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகி, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினான். கீழே லாரி ஹாரன் அடித்தது. வழிக்கு அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்க வேண்டுமே என்று அவளும் பின்னாலேயே வேகமாக இறங்கி, சமையலறை வாசலில் போய் நின்றாள்.

தம்பி மனைவி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"கட்டியாச்சு அக்கா" என்றாள்.